ஏழாவது முறை தட்டியபோது திறந்த கதவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு நாளிதழில் வந்த படத்தைக் கத்தரித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் எடுத்த படம். நடுவில் மாலையும் பொன்னாடையுமாகப் பிரமுகர்கள் ஆறு பேர். அவர்களுக்கு இருபுறமும் இல்லத்தில் தங்கியிருப்பவர்கள், ஆளுக்கொரு பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்தபடி. "சிறப்புக் குழந்தைகளுக்குத் தீபாவளி அன்பளிப்பு" என்று தலைப்பு. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வயது முப்பத்தெட்டு. மீசை வைத்திருக்கிறார். காலையில் தாமே சவரம் செய்துகொள்கிறார். அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஐந்து மாதம் ஆனது.

அந்தப் படத்தை அவரிடமே காட்டினேன். விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்தித் தம்மைக் கண்டுபிடித்தார். சிரித்தார். பிறகு படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, "என் பெயர் எங்கே, அக்கா?" என்று கேட்டார். பிரமுகர்கள் ஆறு பேரின் பெயரும் பட்டங்களோடு அங்கே இருந்தது. அவருடைய பெயர் இல்லை. அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொடுத்தவர்களின் மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. பண்டிகை நாளில் பிறரை நினைப்பதே பெரிய குணம். என் கவலை வேறு. இல்லத்தில் இருப்பவர்களுக்காவது ஆண்டுக்கு ஒருமுறை பிஸ்கட் டின் வந்து சேர்கிறது. நம் தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்களை யாருக்குத் தெரியும்? அவர்கள் இருக்கிறார்கள் என்பதே பக்கத்து வீட்டுக்குச் சத்தமாகத்தான் தெரியும், பெயராகத் தெரியாது.

நான் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் பிறந்தவள். அப்பா மலாயன் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1979-இல், என் தம்பி பிறந்தான். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு வந்து சேர்ந்தவை வேறு சொற்கள். அம்மா வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்றார்கள். முன்பிறவி வினை என்றார்கள். பெற்ற பிள்ளையைச் சீராட்ட வந்தவர்கள் அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் தம்பி பின்னறைக்குப் போய்விட வேண்டும். அவனும் பழகிக்கொண்டான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தானாக எழுந்து பின்னறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வான்.

உடலின் செல்லில் இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று பிரான்ஸ் நாட்டில் கண்டுபிடித்து அறிவித்தது 1959-இல். தம்பி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. யார் செய்த பாவத்தாலும் வருவதல்ல, கிரகணத்தால் வருவதல்ல என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள். என் அம்மா 2009-இல் இறந்தார். இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவமனைப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்றைக்கு நான் வெளியே போயிருக்கக் கூடாது" என்றார். ஐம்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்த உண்மை, பாகான் டாலாமில் ஒரு தமிழ்த் தாயின் காதுக்கு அவளுடைய மொழியில் வரவே இல்லை. அம்மா அந்தக் கிரகணத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஒரு மலாய் அம்மையார். 1989-ஆம் ஆண்டு. நான் அப்போது பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. இரவு வேலை முடிந்து, தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வந்து பகலில் தூங்குவேன். அந்தத் தூக்கத்தில்தான் கதவு தட்டும் சத்தத்தை முதலில் கேட்டேன். அம்மா கதவை அரைச் சாண் திறந்து, "பிள்ளை யாரும் இல்லை" என்று மலாயில் சொல்லிச் சாத்திவிட்டார். அடுத்த வாரமும் அதே மோட்டார் சைக்கிள், அதே தட்டல், அதே பதில். மூன்றாவது முறை அந்த அம்மையார் பிள்ளையைப் பற்றியே கேட்கவில்லை. "ஆச்சி, உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை நன்றாக வந்திருக்கிறதே, எனக்கு ஒரு கொத்துக் கிடைக்குமா?" என்றார். அம்மா பறித்துக் கொடுத்தார். பிறகு வந்தபோதெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து செடியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். ஏழாவது முறை அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க உள்ளே அழைத்தார். தம்பி செருப்புச் சத்தம் கேட்டுப் பின்னறைக்குப் போயிருந்தான். அந்த அம்மையார் தேநீரைக் குடித்து முடித்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய பொத்தான்கள் தைத்த சட்டை. ஒவ்வொரு பொத்தானும் இருபது சென் நாணயத்தைவிடப் பெரியது.

அவர் சொல்லிக் கொடுத்த முறையை இன்றுவரை நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். மேலிருந்து எல்லாப் பொத்தான்களையும் நாம் போட்டுவிட வேண்டும். கடைசிப் பொத்தானைப் பாதி துளைக்குள் நுழைத்துவிட்டு, மீதியை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அவன் இழுத்தால் பொத்தான் வந்துவிடும். சட்டை போட்டு முடித்தவன் அவன். கைதட்டலும் அவனுக்கு. அது பழகியதும் கடைசிப் பொத்தான் முழுவதும் அவனுக்கு. பிறகு கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால் முதல் பொத்தானிலேயே தோற்று அழுவான், முடிவை ஒருபோதும் பார்க்க மாட்டான். பின்னாலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் ஜெயிப்பான். தம்பி ஆறு பொத்தான்களையும் தானே போட எட்டு மாதம் ஆனது. அன்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவன் பின்னறையிலிருந்து வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேலே சொன்ன முப்பத்தெட்டு வயதுக்காரருக்குச் சவரம் பழக்கியதும் இதே வழியில்தான். கன்னத்தில் கடைசி ஒரு கோடு நுரையை மட்டும் அவருக்கு விட்டு வைப்போம்.

அந்த அம்மையார் வந்ததன் பின்னணி பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சமூக மறுவாழ்வுத் திட்டம், பிடிகே என்று எல்லோரும் சொல்வது, நம் நாட்டில் 1984-இல் திரங்கானுவில் பத்து ராக்கிட் என்ற ஊரில் தொடங்கியது. பெரிய மருத்துவமனையும் பெரிய விடுதியும் கட்டிக் காத்திருப்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களையே பழக்கி, வீட்டிலும் ஊர் மண்டபத்திலும் பயிற்சி கொடுப்பது அதன் வழி. இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சமூக நலத் துறை பணம் தருகிறது, உள்ளூர்க் குழு நடத்துகிறது. மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. இவ்வளவு இருந்தும், நான் சந்திக்கும் தமிழ்த் தாய்மார்களில் பலருக்குப் பிடிகே என்ற மூன்றெழுத்து தெரியாது. பக்கத்துத் தெருவிலேயே மையம் இருக்கும். கடந்து போவார்கள். பெயர்ப்பலகை மலாயில் இருக்கும். அது தங்கள் பிள்ளைக்கான இடம் என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பெண்களும், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணனும் சேர்ந்து சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகிறோம். பதிவு பெற்ற சங்கம் இல்லை. பெயர் இல்லை, பனியன் இல்லை. பட்டர்வொர்த், பிறை வட்டாரம்தான் எங்கள் எல்லை. அண்ணனின் பழைய வேன் எங்களுக்கு அலுவலகம்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தாயின் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஊரையும் கட்டடத்தையும் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாடி. மின்தூக்கிக்கு எதிரே கடைசி வீடு. மளிகைக் கடைக்காரம்மா சொல்லித்தான் போனோம். இரும்புக் கதவில் இரண்டு பூட்டு. மணியை அழுத்தியதும் ஒரு அக்கா வந்து, "வீட்டில் நான் மட்டும்தான்" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து கைதட்டும் ஓசை கேட்டது. ஒரே சீராக, நான்கு தட்டு, சிறு இடைவெளி, மீண்டும் நான்கு தட்டு. அக்காவின் முகம் சுருங்கியது. நாங்கள் ஓசையைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினோம். எனக்குக் கறிவேப்பிலை நினைவுதான்.

மூன்றாவது முறை உள்ளே விட்டார். மகனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பேச்சு இல்லை. ஆட்டிசம் என்று ஒரு மருத்துவர் சிறு வயதில் சொன்னதோடு சரி. பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டு இருந்தான், பிறகு நின்றுவிட்டது. கணவர் இறந்து ஆறு ஆண்டு. அக்கா ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கிறார். காலை ஐந்தரைக்கு மகனுக்கு மைலோவும் ரொட்டியும் வைத்துவிட்டு, அடுப்பின் எரிவாயுவை அடைத்து, கத்திகளை அலமாரியில் பூட்டி, இரும்புக் கதவையும் பூட்டிவிட்டுப் போவார். மதியம் இரண்டரைக்குத் திரும்புவார். அவரை யாரும் கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். அவர் பூட்டாமல் போயிருந்தால் அந்தப் பையன் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டான். வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் இருவருமே பட்டினி. வேறு என்ன வழி இருந்தது என்று யாராவது சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

பையன் தரையில் உட்கார்ந்து போத்தல் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நீலம் ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை. ஒரு மூடியில் இலேசான கீறல் இருந்தால் அதைத் தனியாக வைத்தான். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காவது முறை போனபோது நான் அவனுக்குச் சற்று தள்ளித் தரையில் உட்கார்ந்து, நான் கொண்டு போன மூடிகளை ஒன்றும் பேசாமல் அடுக்கினேன். அரை மணி நேரம் இருக்கும். அவன் எழுந்தான். என் மணிக்கட்டைப் பிடித்தான். என்னை எழுப்பி இரும்புக் கதவுவரை நடத்திச் சென்று, என் கையை எடுத்துப் பூட்டின்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டையே பார்த்தான். வைத்த கையை மேலிருந்து இரண்டு முறை அழுத்தினான்.

பேச முடியாத பிள்ளைகள் இப்படி நம் கையைக் கருவியாக எடுத்துக்கொண்டு தங்கள் தேவையைச் சொல்வது ஆட்டிசத்தில் வழக்கமாகக் காணப்படும் ஒன்று. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்று என் கை நடுங்கியது.

அக்கா சாவியைக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவன் வெளியே வந்தான். மின்தூக்கிக்குள் வர மறுத்தான், ஒன்பது மாடியும் படியில் இறங்கினோம். கீழே வாகன நிறுத்துமிடத்தில் அப்போதுதான் வந்து நின்ற காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது போலும், எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அடுத்த காருக்குப் போனான். அது குளிர்ந்திருந்தது. மறுபடி முதல் காருக்கு வந்தான். நாற்பது நிமிடம் இப்படியே கழிந்தது. அக்கா ஒரு தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு தாள் வேலை. மாற்றுத்திறனாளி அட்டை, நம் மக்கள் ஓகேயு கார்டு என்பது, இருந்தால்தான் மற்றவை நகரும். அந்தப் பதிவு கட்டாயமில்லை, நாமாகப் போய்ச் செய்துகொள்வது. படிவத்தில் மருத்துவர் ஒப்பமிட வேண்டும். பிறகு சமூக நலத் துறையில் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு மலாய் பேச வரும், படிவம் படிக்க வராது. முகப்பில் இருந்தவர் கனிவாகத்தான் கேட்டார், "மகனுக்கு என்ன குறைபாடு?" என்று. அக்கா சற்றுத் தயங்கி, தலையைக் குனிந்து, மலாயில் பைத்தியம் என்பதற்கான சொல்லைச் சொன்னார். பெற்ற மகனைப் பற்றி. இருபத்து மூன்று ஆண்டுகளாக அவருக்கு உறவும் தெருவும் கொடுத்திருந்த ஒரே சொல் அதுதான்.

இது வெறும் மனவருத்தக் கதை இல்லை, ஆசிரியர் அவர்களே. அந்தப் படிவத்தில் ஏழு வகைகள் இருக்கின்றன. செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை கற்றல் வகையில் வருகின்றன. மனநோய் வேறு வகை. அன்று நாங்கள் பக்கத்தில் இல்லாமல், அக்கா சொன்ன சொல்லை வைத்து விசாரணை தொடர்ந்திருந்தால் மறுபடி மருத்துவரிடம், மறுபடி விடுப்பு எடுத்து, மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது முறை வந்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். சரியான சொல் ஒன்றைத் தமிழில் முன்பே கேட்டிருந்தால் இந்தத் தலைகுனிவு வந்திருக்காது. நாடு முழுவதும் அட்டை பெற்றவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அதில் கற்றல் வகையினர் பெரிய பங்கு. நம்மவர்களில் எத்தனை பேர் கணக்கிலேயே வராமல் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் தூங்க விடாத கேள்வி.

அட்டை வந்த பிறகு அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கு கிடைத்தது. வேலை செய்ய இயலாதவர்களுக்கான மாதாந்திர உதவிக்கு விண்ணப்பித்தோம். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இது 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாகவும், குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி 400-லிருந்து 450 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டன. என் தம்பி ஒரு சலவைக் கடையில் பதினோரு ஆண்டுகள் துண்டு மடிக்கும் வேலை பார்த்தான், அந்த உதவியையும் பெற்றான். மாதக் கடைசியில் அவன் வீட்டுக்கு வாங்கி வரும் கோழி அவனுடைய காசில் வாங்கியது. ஒன்பதாவது மாடிப் பையன் இப்போது வாரத்தில் மூன்று நாள் பிடிகே மையத்துக்குப் போகிறான். அண்ணனின் வேன்தான் கூட்டிப் போகிறது. வேன் பழுதானால் பயிற்சியும் நின்றுவிடும். எத்தனையோ குடும்பங்களுக்குத் தடையாக இருப்பது மனம் அல்ல, போக்குவரத்துதான். பண்டிகைக்கு ஐம்பது பொட்டலம் வாங்கும் பணத்தில் ஒரு பிள்ளைக்குப் பல மாதம் வேன் ஓடும். கொடுக்க நினைக்கும் அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இளம் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அரசு கிளினிக்கில் பிள்ளைக்குக் கொடுக்கும் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் தடுப்பூசித் தேதிக்காக மட்டும் திறக்காதீர்கள். ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டியவை. பிள்ளை தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? நாம் ஒன்றைச் சுட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறதா? இப்படி எளிய கேள்விகள்தாம். ஆனால் பாட்டிமார் பக்கத்தில் இருந்து, "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவன் மாமாவும் ஐந்து வயதில்தான் வாய் திறந்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். தாதியிடம் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பாட்டிமார் பாசத்தில்தான் சொல்கிறார்கள். இருந்தாலும் தாதியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் எட்டு வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பள்ளியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 2019 முதல் எந்த மாற்றுத்திறன் மாணவரையும் மறுக்கக் கூடாது என்ற கொள்கை இருக்கிறது. சில தமிழ்ப்பள்ளிகளில் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் நடக்கின்றன, அங்கே உழைக்கும் ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சிக்கல் பத்தொன்பது வயதில் வருகிறது. பள்ளி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவான்? நண்பர்கள், ஆசிரியர், மணியோசை, மதிய உணவு எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் பள்ளி முடிந்து ஓராண்டு ஆகியும் ஒவ்வொரு காலையும் சீருடை அணிந்து வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இல் வந்தது. பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை எல்லாவற்றிலும் உரிமை உண்டு என்று அது பேசுகிறது. மீறினால் தண்டனை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஓர் உணவுக் கடையில் எங்கள் பையன் கைதட்டியதற்காக அவனையும் அக்காவையும் எழுந்து போகச் சொன்னார்கள். தட்டில் பாதித் தோசை இருந்தது. யாரிடம் போய் முறையிடுவது? சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் நம் சமூகத் தலைவர்கள் அந்த அறையில் இருந்து குரல் கொடுக்க வேண்டும். படம் எடுக்க ஆறு பேர் வர முடிகிறது என்றால் அதற்கும் வர முடியும்.

கோயில்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறவினர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் தம்பி மோர் ஊற்றிக் கொடுப்பான். குவளையில் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம், அந்தக் கோட்டுக்கு ஒரு துளி கூடவோ குறையவோ ஊற்ற மாட்டான். அவன் கொடுத்த குவளையை வாங்காமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன், வாங்கிக் குடித்துவிட்டு அவன் தலையில் கைவைத்து "முருகா" என்ற பாட்டியையும் பார்த்திருக்கிறேன். கூட்டமும் மேளமும் தாங்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பங்கள் கோயிலுக்கே வருவதில்லை. மாதத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத பிற்பகல் ஒன்றில், ஒலிபெருக்கியை நிறுத்தி அந்தக் குடும்பங்களுக்காகச் சந்நிதியைத் திறந்து வையுங்கள். திருமண மண்டபம் காலியாக இருக்கும் நாளில் இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். தாய்மார் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு வேறு இடம் இல்லை.

அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். "எனக்குப் பிறகு?" என் தம்பிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட மிகவும் முன்னதாகவே வரும் என்பதை எங்களைப் போன்றவர்கள் அறிந்து வைத்திருக்கிறோம். சென்ற பொங்கலிலிருந்து தம்பி சட்டையின் மூன்றாவது பொத்தானில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறான். எட்டு மாதம் உழைத்துக் கற்றுக்கொண்டது. நான் மற்றப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்து அவனிடம் விடுகிறேன். அதை மட்டும் இன்றும் இழுத்துவிடுகிறான். மருத்துவரிடம் காட்டி வருகிறோம். சுரப்பிக் கோளாறாலும் இப்படி ஆகலாம் என்று இரத்தப் பரிசோதனைக்குச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நாளிதழிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஓகேயு கார்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, அந்த ஏழு வகைகள் எவை, பிடிகே மையங்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிடுங்கள். ஒருமுறை போதாது, மாதம் ஒருமுறை வேண்டும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் தமிழ் நாளிதழ் மளிகைப் பொருள் சுற்றிய தாளாகத்தான் வந்து சேரும். சுற்றிய தாளிலாவது ஒரு தாய் அதைப் படிக்கட்டும். படம் போடும்போது படத்தில் இருப்பவரிடம் கேட்டுப் போடுங்கள். சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். வயது வந்தவரைக் குழந்தை என்று எழுதாதீர்கள். வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் மாடியில், உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அந்தத் தாயைப் படிக்கட்டில் பார்க்கும்போது மகனுடைய பெயரைக் கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை மாக் மண்டின் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஐந்தாவது முறையாகப் போகிறோம். கதவு இதுவரை திறக்கவில்லை. நான்காவது முறை போனபோது சன்னல் திரை ஒரு சாண் விலகியது, உள்ளேயிருந்து ஒரு சிறுமி எங்களைப் பார்த்தாள். அந்த வீட்டு வாசலில் துளசியும் இரண்டு தொட்டி ஓமவல்லியும் இருக்கின்றன. எனக்கு ஓர் ஓமவல்லிக் கிளை வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
பாகான் டாலாம் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு.